கட்டத்திரைக்கு முன் நின்றவர்கள்

ஒளிப்படக் கலை இந்தியாவுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே ஆட்சியின் கருவியாகிவிட்டதைப் பெங்களூருவின் வரலாற்றிலேயே காணலாம். அங்குப் பணியிலிருந்த கம்பெனிப் படை அதிகாரி லினேயஸ் டிரைப், 1854-இல் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படமெடுத்தார். பின்னர் சென்னை மாகாண அரசே அவரைத் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்திக்கொண்டது. கட்டடங்களைப் பதிவு செய்துவந்த கேமரா, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மனிதர்களை வகைப்படுத்தும் வேலையிலும் தீவிரமாக ஈடுபடுத்தப்பட்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நூல், நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் சாதிகளையும் குடிகளையும் மாதிரிகளாக அடுக்கி, அவர்களுள் யார் ஆட்சிக்கு அடங்கியவர், யார் நம்பத்தகாதவர் என்றும் ஆங்காங்கே குறித்துச் சென்றது.

படமெடுப்பதோடு அளவெடுப்பதும் சேர்ந்துகொண்டது. மரச்சட்டத்தில் பட்டு நூல்களை இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்டி, அந்தப் பின்னணியில் ஆடையற்ற உடல்களை நிறுத்திப் படமெடுத்தால், உலகின் எந்த மூலையில் எடுத்த படத்தையும் மற்றொன்றோடு ஒப்பிட்டுவிடலாம் என்று 1869-இல் ஜான் லாம்ப்ரே என்பவர் எழுதினார். அந்தமானில் மாரிஸ் விடால் போர்ட்மன் 1890-களில் கட்டம் போட்ட திரைக்கு முன் தீவு மக்களை நிறுத்தினார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், தலை, மூக்கு முதலிய உறுப்புகளின் அளவுகளைக்கொண்டு இனங்களைப் பிரித்தறியலாம் என்று நம்பிய மானுட அளவையியலில் மூழ்கி, கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அவற்றிலுள்ள தகவல்களை ஆய்வாளர்கள் இன்றும் நாடுகிறார்கள் என்றாலும், அளக்கப்பட்டவரின் பெயரைத் தேவையற்றதாக்கிய அந்த முறையின் கொடுமையை அப்பயன் ஈடுசெய்துவிடாது.

இந்தக் கட்டத்திரையைத்தான் பெங்களூருவில் பிறந்த கலைஞர் புஷ்பமாலா மீண்டும் எழுப்பினார். பரோடாவில் சிற்பக்கலை பயின்ற அவர், ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘தென்னிந்தியப் பூர்விகப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்’ என்னும் தொடரில், ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, செய்தித்தாளில் வந்த கைதான பெண்கள், தோடர் குலப் பெண் என ஒவ்வொரு வேடத்தையும் தாமே ஏற்று, தீட்டிய திரைகளுக்கு முன் நின்றார். பழுப்பேறிய பழைய படங்களைப் போல் அமைந்த ஒரு பகுதியில், அதே வேடங்கள் கட்டத்திரைக்கு முன் நிற்க, உறுப்புகளின் அகலத்தை அளக்கும் காலிப்பர் என்னும் கவைக்கருவி அவர் உடலைத் தொடுகிறது.

நகரத்துக் கலைஞர் ஒருவர் தோடர் பெண்ணாக வேடமிடுவது பழைய அத்துமீறலின் தொடர்ச்சியே அல்லவா என்னும் கேள்வி நியாயமானது. எனினும், தெய்வத்தையும் கைதியையும் ஒரே அளவுகோலின் கீழ் நிறுத்தும்போது, அந்த அளவுகோல் எவ்வளவு அபத்தமானது என்பதை அவர் வெளிப்படுத்திவிடுகிறார். அரங்கம் அமைப்பதையும் ஒப்பனை செய்வதையும் காட்டும் படங்களைத் தொடரிலேயே சேர்த்திருப்பதால், பார்ப்பவர் எதையும் இயல்பான காட்சியென நம்பிவிட வழியில்லை.

இதே விசாரணையை அமெரிக்காவில் தொடர்ந்தவர், ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஒளிப்படக் கலை கற்பித்த அன்னு பாலக்குன்னத்து மேத்யூ. எட்வர்ட் கர்ட்டிஸ் முதலியோர் எடுத்த அமெரிக்கப் பூர்வகுடியினரின் படங்களுக்கு அருகே, அதே தோரணையில் எடுத்த தம் படங்களை அவர் வைத்தார். பூர்வகுடியினரின் கூடாரமொன்றில் இருவருக்கு நடுவே இருந்த கடிகாரத்தைத் தம் படத்திலிருந்து அழித்து, அவர்களைக் காலத்துக்கு அப்பாற்பட்டவர்களாகக் காட்டியவர் கர்ட்டிஸ்.