சளியிலிருந்து இழுப்புக்கு: வைரஸ் தூண்டும் ஆஸ்துமாத் தாக்குதலில் நோயெதிர்ப்பு வேறுபாடு குறித்த கருத்து வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் பெரும்பாலோரிடம் மூக்கோடு நின்றுவிடுகிறது. ஆஸ்துமா உள்ளோரிடம் அதுவே மூச்சுத்திணறலாக முற்றுகிறது. இதற்கான காரணத்தைக் கிருமியில் தேடிய அறிவியல், பின்னர் உடலின் நோயெதிர்ப்பில் தேடத் தொடங்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘இன்டர்ஃபெரான் குறைபாடு’ என வழங்கப்படும் நிலை மாறாப் பண்பு அன்று, ஒவ்வாமையின் அளவிற்கேற்ப மாறுவது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: ஆஸ்துமா, ரைனோவைரஸ், இன்டர்ஃபெரான், ஒவ்வாமை, மருத்துவ வரலாறு

முன்னுரை

‘சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது’ என்பது தமிழர் வீடுகளில் அன்றாட வழக்கு. குழந்தைக்கு இழுப்பு வருமுன் ஓரிரு நாள் மூக்கொழுகும் என்பதை எந்த மருத்துவரும் தாய்மார்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், ஆஸ்துமா பற்றி அரபு மொழியில் எழுதிய நூலிலும் இந்நோய் சளியில் தொடங்குவதைக் குறித்துள்ளார். கவனிப்பு இவ்வளவு பழமையானது. விளக்கமோ மிக அண்மையது. இடைப்பட்ட காலத்தில் நோயாளர் செலுத்திய விலை சிறிதன்று.

1860இல் ஆஸ்துமா பற்றிப் பெருநூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர், தாமே அந்நோயால் வருந்தியவர். அவர் அதனை முதன்மையாக நரம்பு சார்ந்த நோயாகவே கண்டார். இக்கருத்தின் நீட்சி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடுமையான வடிவம் கொண்டது. தாக்குதலுக்குக் குடும்பத்தின் மனச்சூழலே காரணம் எனக் கருதிய அமெரிக்க மருத்துவர் முர்ரே பெஷ்கின், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நெடுங்காலம் விடுதியில் வைக்கும் முறையை முன்வைத்தார். ‘பெற்றோர் நீக்கம்’ என்று பொருள்படும் ஒரு சொல்லையே அதற்கு ஆக்கினார். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் இதற்கென விடுதி இயங்கியது. அங்குப் பல குழந்தைகள் நலமடைந்தனர் என்பதும் உண்மையே. வீட்டிலுள்ள ஒவ்வாமைப் பொருள்களிலிருந்து அவர்கள் விலகியிருந்ததும் அதற்குக் காரணமாகலாம் என்ற ஐயம் அன்று போதிய அளவு எழவில்லை.

கிருமியைத் தேடிய காலம்

மற்றொரு தரப்பினர் பாக்டீரியாவைக் குற்றஞ்சாட்டினர். நோயாளியின் சளியிலிருந்தே பாக்டீரியாவை வளர்த்துத் தடுப்பூசி செய்து அவருக்கே செலுத்தும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1955இல் லண்டனில் ஃபிராங்க்லாண்டும் உடனாய்வாளரும் இதனைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, அத்தடுப்பூசியால் தனிப்பயன் எதுவும் புலப்படவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகருக்கருகே சாதாரணச் சளி ஆய்வு நிலையம் (1946–1990) இயங்கிவந்தது. தன்னார்வலர்கள் இருவர் மூவராகத் தனிக்குடில்களில் தங்கவைக்கப்பட்டனர். சளிபிடித்தவரின் மூக்குநீர் அவர்கள் மூக்கில் சொட்டுகளாக விடப்பட்டது. அவர்களுள் எல்லாருக்கும் சளி பிடிக்கவில்லை. ஒரே சொட்டு சிலரைப் படுக்கையில் தள்ளியது, சிலரைத் தொடவே இல்லை. நோயெதிர்ப்பு வேறுபாடு என்னும் வினா அக்குடில்களிலேயே கண்முன் நின்றது எனலாம். எனினும் கிருமியைப் பிடித்து வளர்ப்பதே அன்றைய தலையாய பணியாக இருந்தது. 1960இல் டேவிட் டைரல் குழுவினர், மூக்கின் வெப்பநிலையை ஒத்த 33 பாகை செல்சியஸில் ரைனோவைரசுகளை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினர்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1957இல், லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் ஆகிய இருவரும் வைரஸ் தாக்கிய செல்கள் வெளியிடும் ஒரு தடுப்புப் பொருளைக் கண்டறிந்து, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டிருந்தனர். இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழலில் ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

1973இல் மெக்கின்டோஷ் குழுவினர், மருத்துவமனையில் தங்கியிருந்த ஆஸ்துமாக் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்து, இழுப்போடு தொடர்புடையவை வைரசுகளே, பாக்டீரியா அன்று என வெளியிட்டனர். அந்த ஆய்வு நிகழ்ந்ததும் டென்வர் நகரிலேயே என்பது வரலாற்றின் முரண்நகை. எனினும் அக்கால வளர்ப்பு முறைகளில் ரைனோவைரஸ் பெரும்பாலும் தப்பிவிட்டது. மரபுப்பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை வந்த பின்னரே உண்மை அளவு தெரிந்தது. 1995இல் வெளியான சவுத்தாம்ப்டன் ஆய்வு, 9 முதல் 11 வயதுடைய 108 குழந்தைகளை 13 மாதங்கள் பின்தொடர்ந்தது. இழுப்பு வந்த நிகழ்வுகளில் 80 விழுக்காட்டில் வைரஸ் காணப்பட்டது. அவற்றுள் பெரும்பான்மை ரைனோவைரஸ்.

ஒரே வீடு, ஒரே வைரஸ்

கிருமி அகப்பட்டதும் வினா முடிந்துவிடவில்லை, இடம் மாறியது. ஆஸ்துமா உள்ளவர்க்குச் சளி அடிக்கடி பிடிக்கிறதா, அல்லது பிடித்த சளி அவரிடம் வேறாக நடந்துகொள்கிறதா? இதற்கு விடை காண 2002இல் கார்ன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, எளிமையில் ஈடற்றது. ஒருவர் ஒவ்வாமை ஆஸ்துமா உடையவர், மற்றவர் நலமானவர் என அமைந்த, ஒரே வீட்டில் வாழும் 76 இணையர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மூன்று மாதங்கள் இரு வாரத்திற்கொருமுறை அவர்களின் மூக்குநீர் எடுக்கப்பட்டது. ரைனோவைரஸ் கண்ட மாதிரிகள் ஆஸ்துமா உடையோரிடம் 10.1 விழுக்காடு, நலமானோரிடம் 8.5 விழுக்காடு, பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. ஆனால் வைரஸ் பிடித்தபின் மார்பில் தோன்றிய குறிகள் ஆஸ்துமா உடையோரிடம் கடுமையாகவும் நீண்டும் இருந்தன.

இந்த ஆய்வையே இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காற்று ஒன்று, வைரசும் ஏறத்தாழ ஒன்று. இனி வேறுபாட்டை உடலுக்குள்தான் தேட வேண்டும்.

‘குறைபாடு’ என்னும் சொல்

தேடியவர்களுக்கு விடை விரைவில் கிட்டியது. 2005இல் வார்க் குழுவினர், ஆஸ்துமா நோயாளரின் மூச்சுக்குழலிலிருந்து எடுத்து வளர்த்த மேற்படலச் செல்கள் இன்டர்ஃபெரான் பீட்டாவைக் குறைவாகச் சுரப்பதையும், அவற்றில் ரைனோவைரஸ் தடையின்றிப் பெருகுவதையும் காட்டினர். நலமானவரின் செல், தாக்கப்பட்டதும் தன்னை அழித்துக்கொண்டு வைரசின் பெருக்கத்தை முறிக்கிறது. ஆஸ்துமா நோயாளரின் செல் அவ்வாறு மடியாமல் வைரசுக்கு இடங்கொடுக்கிறது. வெளியிலிருந்து இன்டர்ஃபெரான் சேர்த்தபோது இக்குறை நீங்கியது. அடுத்த ஆண்டே கான்டோலி குழுவினர் இன்டர்ஃபெரான் லாம்டா குறைந்தோரிடம் வைரஸ் மிகுந்தும் நோய் கடுமையாகவும் இருப்பதை வெளியிட்டனர்.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியர் சற்று நிதானிக்க வேண்டியுள்ளது. ஆய்வாளர் ‘குறைபாடு’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதும், ஆஸ்துமா நோயாளர் அனைவர்க்கும் அது பிறவிப் பண்பு என்பதுபோல எழுதும் போக்கு பரவியது. ஆயின் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வகங்கள் இரண்டு, அத்தகைய செல்களில் இவ்வேறுபாட்டைக் காணவில்லை. 2014இல் பிரித்தானிய ஆய்வொன்று, நோய் நன்கு கட்டுக்குள் இருப்போரிடம் இன்டர்ஃபெரான் குறைவதில்லை எனத் தெளிவாகவே அறிவித்தது. அதே ஆண்டு வெளியான சிகிச்சைச் சோதனையும் இதற்கு ஒத்துச்சென்றது. சளி தொடங்கியவுடன் ஆஸ்துமா உடைய 147 பேருக்கு இன்டர்ஃபெரான் பீட்டாவோ போலி மருந்தோ 14 நாள் உள்ளிழுக்கத் தரப்பட்டது. ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை; கடும் ஆஸ்துமா உடையோரிடம் மட்டும் பயன் தென்பட்டது. முதன்மை இலக்கில் தோற்ற ஒரு சோதனையின் உட்பிரிவு முடிவை அளவுக்கு மீறி நம்பலாகாது. எனினும் முரண்பட்ட முடிவுகளை ஆய்வகப் பிழை என்று ஒதுக்குவதைவிட, ‘யாரிடம், எந்நிலையில்’ என்று கேட்பதே பொருந்தும் என்பதை அது உணர்த்தியது.

ஒவ்வாமையின் பங்கு

குறைவு நிலையானதன்று எனில் அதனை ஏற்படுத்துவது எது? ஒவ்வாமையின் அடையாளமான ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள், வைரசைக் கண்டு இன்டர்ஃபெரான் சுரக்கும் ஒருவகை வெள்ளணுக்களின் மேற்பரப்பிலும் அமர்கிறது. ஒவ்வாமைப் பொருள் வந்து அவ்வெதிர்ப்பொருளைத் தொடும்போது அச்செல்லின் இன்டர்ஃபெரான் ஆற்றல் தாழ்கிறது. தூசிச் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமை கொண்ட குழந்தையிடம் சளி ஏன் இழுப்பாகிறது என்பதற்கு இது ஒரு வழியைக் காட்டுகிறது.

வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பரில், பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரங்களில், குழந்தைகளின் ஆஸ்துமாத் தாக்குதல் உச்சம் தொடுகிறது. கனடாவில் இது தெளிவாகப் பதிவாகியுள்ளது. வகுப்பறையில் ரைனோவைரஸ் கைமாறுவதே முதன்மைக் காரணம். 2011இல் பஸ் குழுவினர், நகர்ப்புற ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 419 பேரிடம் ஐ.ஜி.இ.யை முடக்கும் ஓமாலிசுமாப் மருந்தைச் சோதித்தனர். மருந்து பெற்றோரிடம் அந்த இலையுதிர்கால உச்சமே காணப்படவில்லை. மருந்தோ வைரசைக் கொல்லும் ஆற்றல் சிறிதும் இல்லாதது.

2015இல் டீச் குழுவினர் வெளியிட்ட சோதனை இதன் உட்பொருளை வெளிக்கொணர்ந்தது. பள்ளி திறப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருந்தைத் தொடங்கி, குழந்தைகளின் இரத்தச் செல்களை ரைனோவைரசோடு சேர்த்துப் பார்த்தனர். மருந்து பெற்றோரின் செல்கள் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவைக் கூடுதலாகச் சுரந்தன. மருந்து பெற்ற குழந்தைகளுக்குள்ளேயே, எவரிடம் அச்சுரப்பு மிகுதியாக உயர்ந்ததோ அவர்களுக்கே தாக்குதல் குறைவாக வந்தது.