மச்சுக்குப் பலகை, தரைக்குக் காரை



இலஞ்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கேட்டிருந்தார்: "சார், இங்க வீட்டுக்கு வீடு மரத்தரைதான். ஊர்லயும் அதையே போடலாம்னு நினைக்கேன். என்ன சொல்றீங்க?" கொத்தனாரிடம் கேட்க வேண்டிய கேள்வி. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டார். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தரை நமக்குப் புதிதல்ல. தென்காசியிலும் செங்கோட்டையிலும் பழைய தெருக்களில் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். சுவருக்குச் சுவர் உத்தரம், அதன்மேல் குறுக்கே சட்டம், அதன்மேல் பலகை. அதுதான் மச்சு. கீழே நிற்பவருக்குக் கூரை, மேலே நடப்பவருக்குத் தரை. வசதியானவர்கள் தேக்கு போட்டார்கள், அடுத்தவர்கள் வேங்கை, மருது, அயனி. அதுவும் முடியாதவர்களுக்குப் பனை இருந்தது. தொல்காப்பியர் மரபியலில் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறார். அந்தக் கணக்கில் பனை ஒரு புல். அந்தப் புல்தான் பல ஏழை வீடுகளின் மச்சைத் தாங்கியது.

தேக்கு எங்கிருந்து வந்தது? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஆரியங்காவு கணவாய்க்கு அப்புறம் காடு, இப்புறம் நம் வயல். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் ராஜ மரங்கள். தன் நிலத்தில் முளைத்திருந்தாலும் அவை சர்க்காருக்கே சொந்தம். ஆகவே அந்தக் காலத்துத் தேக்குப் பலகை என்பது சாதாரணச் சொத்தல்ல. 1904-ல் கொல்லம் செங்கோட்டை ரயில் வந்த பிறகு மலைக்கு அப்புறமிருந்து சரக்கு வருவது எளிதானது.

இப்போது கவனியுங்கள். இவ்வளவு மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கீழ்த்தளத்தில் யாரும் பலகை பாவவில்லை. பட்டாசலும் தார்சாவும் சுண்ணாம்புக் காரை, அல்லது கல், பிற்காலத்தில் ரெட் ஆக்சைடு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு உங்களில் பலரைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். தூண், கூரை, படி, மாடம் எல்லாம் மரம். ஆனால் கீழே கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை காரைப்பூச்சு. செட்டிநாட்டார் பர்மாவிலிருந்து தேக்கைக் கப்பலில் இறக்கினார்கள். தூணுக்கும் கதவுக்கும் உத்தரத்துக்கும் அதைக் கொடுத்தவர்கள், தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும் பளிங்கும்தான் போட்டார்கள். காசில்லாமலா?

(பர்மாத் தேக்கு என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1885-ல் பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனி தேக்குக் கணக்கைக் குறைத்துக் காட்டியது என்று மன்னர் தீபாவின் அரசு அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்து, மன்னரை ரத்தினகிரிக்கு அனுப்பிவிட்டார்கள். அதே கம்பெனிதான் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் காட்டைக் குத்தகைக்கு வாங்கி மாஞ்சோலையில் தேயிலை போட்டது.)

காரணத்துக்கு வருகிறேன். ஒன்று கறையான். அது மண்ணிலிருந்து ஏறி வரும் பிராணி. தரையோடு ஒட்டிய பலகை அதற்கு வாசலிலேயே வைத்த விருந்து. மச்சுக்கு வர வேண்டுமானால் சுவரில் மண்கூடு கட்டி ஏற வேண்டும். ஏறும்போதே கண்ணில் பட்டுவிடும்.

இன்னொன்று சாரல். ஆனி ஆடியில் நம் ஊரில் உப்பு கசியும், அப்பளம் நமுக்கும், பங்குனியில் தொளதொளத்த கதவு இறுகிக்கொள்ளும். மரம் ஈரத்தை வாங்கினால் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. சுவருக்குச் சுவர் இறுக்கிப் பாவிய பலகைக்கு உப்ப இடமில்லை. நடுவில் எழும்பி நிற்கும். ஈரம் அடியில் தங்கினால் தோணி மாதிரி வளையும். ஆனால் தண்ணீர் பட்டதும் மரம் கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். புனலூரில் 1877-ல் கட்டி முடித்த தொங்குபாலம் மலையாளத்து மழையில் நிற்கிறது. அதன் தளம் கம்பக மரப் பலகை. அவ்வப்போது பலகை மாற்றுகிறார்கள்தான். இருந்தாலும் மேலும் கீழும் காற்றோடுவதால் நனைந்தது காய்ந்துவிடுகிறது. மச்சுக்கும் அதே வசதி உண்டு. சிமெண்டுத் தரைமேல் ஒட்டிய பலகைக்கு அது கிடையாது.

குளிர்நாட்டில் கதை வேறு. அங்கே கல்தரையில் கால் வைக்க முடியாது. கல் உள்ளங்காலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், மரம் மெல்லத்தான் வாங்கும். நமக்கோ சித்திரை வெயிலில் அந்தச் சில்லிப்பல்லவா வேண்டும்? ரெட் ஆக்சைடு தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்து உறங்கியவர்கள்தானே நாம்!

மரத்தரையின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாரல் காலத்தில் கிரானைட்டும் டைல்ஸும் வேர்க்கும், வழுக்கும், குளிரும். மூட்டுவலிக்காரர்களுக்குப் பலகை பாதத்துக்கு இதம். என் முழங்காலே சாட்சி. கீறல் விழுந்தால் இழைத்துப் புதிதாக்கலாம். மச்சில் நெல் போட்டு வைத்தால் மண்ணின் ஈரம் அண்டாது.

குறை? மேலே பிள்ளைகள் ஓடினால் கீழே பேச முடியாது. இடுக்கு வழியே சாப்பாட்டு இலையில் தூசி விழும். அதைவிடப் பெரியது நம் பழக்கம். செவ்வாய் வெள்ளி வாளித் தண்ணீரை ஊற்றி வீடு கழுவுகிறவர்கள் நாம். நடுவீட்டில் குத்துவிளக்கு எண்ணெய், வாசல் நடையில் மாக்கோலம், அடுக்களையில் சிந்தும் புளித்தண்ணீர். இவற்றையெல்லாம் விட்டுவிடச் சம்மதமென்றால் கீழ்த்தளத்திலும் மரம் போடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கடையில் மரத்தரை என்று காட்டுவதில் பாதி லாமினேட். 1977-ல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் கம்பெனி கண்டுபிடித்த சரக்கு அது. மரத்தூள் நாரை அழுத்திச் செய்த அட்டைமேல் மரத்தின் படத்தை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊறிப்போகும். இழைக்கவும் முடியாது, இழைத்தால் படம் போய்விடும்.

ஆகவே இலஞ்சித் தம்பிக்கு: கீழே கல்லோ ஆத்தங்குடியோ போடுங்கள். மாடியில் படுக்கையறைக்கு மட்டும், இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் வாங்கி, சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பாவுங்கள். பழைய பலகை உலர வேண்டியதெல்லாம் உலர்ந்துவிட்டது. பூமியில் பிடித்திருக்கும் அழுக்கையும் ஆணியையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது உறவுகளுக்கு. செங்கோட்டை வீட்டு மச்சைப் பிரித்து விற்றுவிட்டு கான்கிரீட் போடலாம் என்று நம் குழுவில் பேச்சு ஓடுகிறது. விலை கேட்டு ஆளும் வந்துபோயிருக்கிறார். போன வாரம் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு நான் மேலே ஏறிப் பார்த்தேன். வடமேற்கு மூலையில் ஓடு உடைந்து ஒழுகிய இடத்தில் இரண்டு பலகை உளுத்திருக்கிறது. மற்றதெல்லாம் உளியை வைத்துக் குத்தினால் உளி வழுக்குகிறது. உத்தரத்தில் ஒரு குறையும் இல்லை. சரியாகச் சொன்னால் கெட்டது ஓடுதான், மச்சு இல்லை. அந்தத் தேக்கை இன்று புதிதாக வாங்கப் போனால் நம்மில் ஒருவருக்கும் கட்டாது.

சாரல் விட்டதும் ஓட்டை மாற்றி, இரண்டு பலகையும் போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி. செலவில் பாதி என்னுடையது. மீதியில் யார் எவ்வளவு என்று ஆவணிக்குள் குழுவில் எழுதுங்கள். லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.