மல்லாட்டைக் கூடையும் கல்லாப்பெட்டியும்

திண்டிவனத்தில் ஒரு சுயதொழில் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். நாற்பது பேர் இருந்தோம். முக்கால்வாசி காலனிப் பிள்ளைகள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். "வேட்கை வேணும். உங்களை நீங்களே நம்பணும். நம்பிட்டீங்கன்னா நாளைக்கே முதலாளி." எல்லோரையும் கை தட்டச் சொன்னார், தட்டினோம். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அதெல்லாம் இருக்கு சார். பஜார்ல கடை யாரு சார் எங்களுக்கு வாடகைக்குக் குடுப்பா?" அவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அவர் தாண்டிப்போன கேள்விக்கு இந்த மண்ணில் நூறு வருசத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதை எங்க ஆயாவிடமிருந்து ஆரம்பிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்க ஆயா விழுப்புரம் ஜங்ஷனில் மல்லாட்டை விற்றவள். புத்தகத்தில் நிலக்கடலை என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்ற பெயர் தேய்ந்து அப்படி ஆனது. தென்னாற்காட்டு செம்மண்ணில் அந்தக் கொட்டை விளைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதையும் வந்துவிட்டது. மண்டி வைத்தவர்கள் பணக்காரர் ஆனார்கள். எண்ணெய் செக்கு வைத்தவர்கள், தரகு பார்த்தவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள் ஆனார்கள். விதைத்து, களை வெட்டி, பிடுங்கி, காய் ஆய்ந்து, மூட்டை சுமந்த சேரிக்காரன் எந்தக் காலத்திலும் மண்டிக்காரன் ஆகவில்லை. அவனுக்கு நம்பிக்கை குறைச்சல் என்று யாராவது சொல்வார்களா?

ஆயா படித்தவளில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்த பொருளாதாரம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராதது. பச்சை மல்லாட்டையை ஊர்த்தெருவில் விற்கலாம், வாங்குவார்கள். முறத்தில் கொட்டச் சொல்லி, காசைத் திண்ணையில் வைப்பார்கள். அதே மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்து எடுத்துப் போனால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். பச்சைக்குத் தீட்டு இல்லை. தண்ணியும் நெருப்பும் நம் கை பட்டுச் சேர்ந்துவிட்டால் தீட்டு. லாபம் இருப்பதோ அவித்ததில். எந்தத் தொழிலிலும் மூலப்பொருளில் காசு இல்லை, அதைப் பக்குவம் பண்ணுவதில்தான் காசு. சாதி சரியாக அந்த இடத்தில்தான் குறுக்கே படுத்திருந்தது.

அதனால் ஆயா ஜங்ஷனுக்குப் போனாள். "ரயில்ல வர்றவனுக்கு நான் யாருன்னு எங்கடா தெரியும்? ரெண்டு நிமிசம் வண்டி நிக்கும். அவனுக்குப் பசி, எனக்குக் காசு." காலையில் தண்டல்காரனிடம் ஒன்பது ரூபாய் வாங்கி, சாயங்காலம் பத்தாகத் திருப்பிக் கொடுப்பாள். ஒரே நாளில் ஒரு ரூபாய் வட்டி. அதையும் கட்டிவிட்டு எங்க அப்பாவைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். தன்னம்பிக்கை பற்றி அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

யாரென்று தெரியாத இடத்துக்குப் போனால்தான் நம்மவர் வியாபாரம் செய்ய முடியும் என்று ஆயா கண்டுபிடித்ததை, அவளுக்கு வெகுகாலம் முன்னாலேயே பெரிய அளவில் செய்து காட்டியவர் பெ.மா. மதுரைப் பிள்ளை. 1858-இல் சென்னை வேப்பேரியில் பிறந்தவர். கடல் தாண்டி ரங்கூனுக்குப் போய், கப்பல் சரக்குத் தொழிலில் பெரும் வணிகராக உயர்ந்தார். அங்கே கவுரவ மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். 1913-இல் இறந்தார். அவரிடம் உதவி பெற்ற புலவர்கள் அவரைப் பாடிய பாட்டுகள் 'மதுரைப் பிரபந்தம்' என்று தொகுப்பாகவே வந்தன. சாதி சொல்லி ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவரின் வாசலில் புலவர்கள் நின்ற காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவருடைய மகள் வயிற்றுப் பேத்திதான் ரங்கூனில் 1904-இல் பிறந்த மீனாம்பாள் சிவராஜ். 1938-இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் வழங்கப்பட்டபோது முன்னணியில் நின்றவர். ஒரு தலைமுறை சேர்த்த காசு அடுத்த தலைமுறைக்கு மேடையாக மாறியது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. ஒரு மதுரைப் பிள்ளையைக் காட்டி, 'பார், அவர் முன்னேறவில்லையா, நீ ஏன் முன்னேறவில்லை' என்று கேட்பார்கள். அதே ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் செத்த நம்மவர்கள் எத்தனை ஆயிரம்? அவர்களுக்குப் பிரபந்தம் கிடையாது.

நாடார்களை உதாரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். கோயில் நுழைவுக்காக அடிபட்டவர்கள் அவர்கள். 1899-இல் சிவகாசியில் அவர்கள் மேல் நடந்த கலவரம் சின்னதல்ல. அவர்களைத் தூக்கி நிறுத்தியது தனித்தனி ஆளின் வேட்கை இல்லை. சரக்கையும் ஆளையும் காப்பாற்ற மதில் வைத்த பேட்டைகள், ஒவ்வொரு வியாபாரத்திலும் பிடித்துச் சேர்த்த மகமைப் பணம், அதைக் கையாண்ட உறவின்முறை, கடைசியில் 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி. (1962-இல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது.) மகமை பிடிக்க முதலில் கையில் சரக்கு வேண்டும். பண்ணையில் கட்டுண்டு கிடந்தவன் எதிலிருந்து மகமை பிடிப்பான், கூலியாக வந்த கேழ்வரகிலிருந்தா?

நிலமாவது இருந்திருந்தால் அடகு வைத்து முதல் போட்டிருக்கலாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. மற்ற சாதிக்காரர் வாங்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. திருப்பிக் கேட்டதற்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு. காரணை நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரை விட்டார்கள். வங்கியில் கடன் கேட்கப் போகும் நம் பையனிடம் மேனேஜர் 'சொத்து என்ன இருக்கு' என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த ரத்தமும் இருக்கிறது.

இனி விழுப்புரம். 1978 ஜூலை. விழுப்புரத்தார் யாரும் இந்த மாதத்தைச் சத்தமாகச் சொல்வதில்லை. கடைத்தெருவில் ஆரம்பித்த தகராறு அது. மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் வந்துபோன சேரிக்காரர்கள், தங்கள் பெண்ணைச் சீண்டியதைத் தட்டிக் கேட்டார்கள். சில நாளில் பெரியபறைச்சேரி எரிந்தது. 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. இதைச் சாதிக் கலவரம் என்று எழுதி மூடிவிடுகிறார்கள். நான் அதைச் சந்தையின் வரலாறாகவும் படிக்கச் சொல்கிறேன். கீழ்வெண்மணி வயலில் நடந்தது, கூலிக்காக. விழுப்புரம் பஜாரில் ஆரம்பித்தது. சந்தைக்குப் போனால் சாதி கரைந்துவிடும், காசுக்கு சாதி இல்லை என்று பேசுகிற அறிவாளிகள், அந்தக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வந்து பேசட்டும்.

ஆயா அந்த வருசம் நாலு மாசம் ஜங்ஷனுக்குப் போகவில்லை. தண்டல்காரன் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அப்புறம் ஒருநாள் விடியக்காலையில் அடுப்பை மூட்டி மல்லாட்டை அவித்தாள். அப்பா தடுத்திருக்கிறார். "செத்தவங்க செத்துட்டாங்க, வண்டி நிக்காமலா போவுது?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாளாம். இதை வீரம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை.

இப்போது நிலைமை மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. 1974-இலேயே தாட்கோ வந்தது. 2016-இல் ஒன்றிய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் என்றது. 2023-இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. மூலதனத்தில் 35 விழுக்காடு மானியம், வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடி. போராடி வாங்கியவை இவை, பயன்படுத்த வேண்டும். நம் இளைஞர்கள் விண்ணப்பம் எழுதவும் திட்ட அறிக்கை போடவும் ஒவ்வொரு காலனியிலும் ஒருத்தர் உட்கார்ந்து உதவினால், பத்துக் கூட்டம் போடுவதைவிட மேல். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தவை 9.8 விழுக்காடு. மக்கள்தொகையில் நாம் 16 விழுக்காட்டுக்கு மேல். அந்த 9.8-லும் பெரும்பாலானவை ஆள் வைக்காத, ஒற்றை ஆள் தொழில்கள். எங்க ஆயாவின் கூடையையும் நிறுவனம் என்று எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும்.

நம் பெயரில் உரிமம் எடுத்து வேறொருவர் நடத்தும் கடைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பெயர் நம்முடையது, கல்லாப்பெட்டி அவர்களுடையது. மாசம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் நம்மவர்களையும் விட்டுவிட முடியாது.

பயிற்சி வகுப்பில் கேள்வி கேட்ட பெண்ணைப் பிறகு திண்டிவனம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கடை பார்த்துவிட்டேன் அண்ணா என்றாள். பிரதான வீதியில் மூன்று இடத்தில் அட்வான்ஸ் வரை பேசி, 'எந்தத் தெரு நீங்க?' என்று கேட்டதோடு நின்றுபோயிருக்கிறது. நாலாவதாக ஒரு முஸ்லிம் பெரியவர் தன் கட்டடத்தில் பக்கவாட்டு அறையைக் கொடுத்திருக்கிறார். தையல், பிளவுஸ் தைப்பது, கூடவே ஜெராக்ஸ். போர்டில் என்ன பெயர் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பெயின்டர், சாமி பேர் போடும்மா, கூட்டம் வரும் என்றாராம்.

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஆயா பேரு போடச் சொல்லியிருக்கேன் அண்ணா. ஒரு எழுத்துக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்திருக்கேன்."