ஐந்தாவது சக்கரம்: அச்சங்குளத்து அம்பாசடரும் ஒரு வேல்ஸ் தெருவும்

எங்கள் அச்சங்குளத்தில் சித்தப்பாவிடம் ஒரு அம்பாசடர் இருக்கிறது. மார்க் 4, 1984 மாடல். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஆசை வந்து, பழைய இரும்பு வீல்களைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் வீலும் 205/65 ஆர் 15 ரேடியல் டயரும் போட்டார். நாலுதான் வாங்கினார். "அஞ்சாவது எதுக்குடா, டிக்கியிலதான கெடக்கப் போவுது" என்றார். பழைய இரும்பு வீல் ஒன்று, அதன் பழைய 5.90-15 டயரோடு, ஸ்டெப்னியாக டிக்கிக்குள் போனது.

போன வருஷம் சாத்தூரிலிருந்து திரும்பும்போது, இருட்டுகிற நேரம், பின்னால் இடது டயர் பஞ்சர். ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டி நட்டை முறுக்கினோம். நட்டெல்லாம் இறுகி நின்றுவிட்டது. ஆனால் வீலைக் கையால் ஆட்டினால் ஆடுகிறது! இன்னும் முறுக்கினாலும் ஆடுகிறது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இது அலாய் வீலு நட்டு. மூடி போட்ட நட்டு. இரும்பு வீலு தகடு ஒல்லி, நட்டு அதைத் தொடுறதுக்கு முன்னாடியே போல்ட்டு நுனியில முட்டி நின்னுருது. பழைய நட்டு எங்க?"

பழைய நட்டுகள் வீட்டில், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருந்தன. தம்பி டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் எடுத்துக்கொண்டு வரும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அந்த லாரிக்காரர் மட்டும் நிற்காமல் போயிருந்தால், இறுகிவிட்டது என்று நம்பி நாங்கள் வண்டியை எடுத்திருப்போம். சக்கரம் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு அந்தச் சொல் மேல் சந்தேகம் வந்தது. ஸ்டெப்னி. இது என்ன சொல்? நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம், பஸ் கண்டக்டரிலிருந்து பஞ்சர் கடை பையன் வரை. நம்பி இருக்கிற ஆள் வராவிட்டால் கைவசம் வைத்திருக்கும் இன்னொரு ஆளைக்கூடக் கிண்டலாக 'ஸ்டெப்னி' என்கிறோம். பக்கத்தில் வெம்பக்கோட்டையில் வைப்பாற்றங்கரை மேட்டைத் தோண்டி சங்கு வளையல் எடுக்கிறார்கள். சொல்லையும் அப்படித் தோண்டலாம் என்று தோன்றியது.

தோண்டினால், வருவது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்கிற ஊர். அங்கே ஒரு தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தப் பக்கத்து நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் பெயர் அது. லண்டனில் ஸ்டெப்னி என்று ஒரு பகுதி இருக்கிறது, நம் சொல் அங்கிருந்து வரவில்லை. இந்தத் தெருவில் கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் 1904இல் ஒரு யோசனை செய்தார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அதைத் தொழிலாக்கினார்கள்.

அந்தக் காலத்துக் காரில் உபரிச் சக்கரம் என்பதே கிடையாது. சக்கரம் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. பஞ்சரானால் வண்டியிலேயே வைத்து டயரைப் பிரித்து, டியூபை எடுத்து ஒட்டி, மறுபடி மாட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். அன்றைய ரோட்டில் குதிரை லாட ஆணி கிடந்தது வேறு. டேவிஸ் செய்தது இதுதான்: ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன் மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைத் தொடவே வேண்டாம். அதன் வெளிப்பக்கம் இந்த வளையத்தை ஒட்டி வைத்து, கவ்விகளால் இறுக்கிவிட்டால் வண்டி அதன் மேல் ஓடும். மெதுவாக, கடைவரை. அதாவது முதல் ஸ்டெப்னி 'இன்னொரு சக்கரம்' இல்லை. ஊன்றுகோல்.

லண்டன் டாக்சிகள் அதை மாட்டின. பல நாடுகளில் விற்றது. ஆனால் சீக்கிரமே பொருள் செத்தது. ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனியின் கழற்றும் கம்பிச் சக்கரம், 1908 வாக்கில் சாங்கியின் அழுத்திய இரும்புத் தகட்டுச் சக்கரம் எல்லாம் வந்தபின் முழுச் சக்கரத்தையே மாற்றலாம் என்றானது. பிறகு வளையம் எதற்கு? பிரிட்டனில் சொல்லும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்டாவிலும் மட்டும் உட்கார்ந்துகொண்டது. பிரேசிலில் அது 'எஸ்டெப்பி' ஆகியிருக்கிறது. நாம் பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய பொருளைச் சுட்டுகிறோம்: மற்ற நாலையும் போலவே இருக்கும் ஐந்தாவது.

அம்பாசடர் அந்த இரண்டாவது காலத்து வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்தது. (சிவகாசிக்கும் கல்கத்தாவுக்கும் உறவு அதற்கும் பழசு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922இல் போனது அங்கேதான்.) அந்த வண்டியில் ஐந்தும் ஒரே வீல், ஒரே டயர், ஒரே நட்டு. எது எங்கே போனாலும் கவலை இல்லை. சித்தப்பா நாலை மட்டும் மாற்றியபோது, தெரியாமலே 1904க்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் டிக்கியில் கிடந்தது ஐந்தாவது சக்கரம் இல்லை, நிஜமான பழைய ஸ்டெப்னி. அதை அப்படி நினைத்து நடத்தாததுதான் பிசகு.

அப்படியானால் எதை வைப்பது? ஐந்தாவது அலாய் வாங்குவதுதான் நேர்வழி. ஆனால் டிக்கியில் விட்டிருக்கும் இடம் ஒல்லி டயருக்கானது, 205 டயர் அதில் முழிக்கும். விலையும் இருக்கிறது. இரும்பு வீலையே வைப்பதென்றால் டயரைத்தான் மாற்ற வேண்டும். பழைய 5.90-15 நூல்கள் குறுக்கும் மறுக்கும் ஓடும் டயர். மிஷ்லின் 1946இல் காப்புரிமை வாங்கிய ரேடியலில் நூல்கள் நேர் ஆரமாக ஓடி, மேலே ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். வளைவில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரே அச்சில் ஒன்று அது, ஒன்று இது என்றால் வண்டி இழுக்கும், மழையில் இன்னும் மோசம். ஆகவே ஸ்டெப்னியும் ரேடியலாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். 205/65 ஆர் 15 என்றால் ரிம் 381 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து ரப்பர் 266.5. மொத்தம் 647.5. பழைய ஒடுங்கிய ரிம்மில் 205 உட்காராது. ஆனால் 165/80 ஆர் 15 உட்காரும், அதன் உயரம் 645. இரண்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! இதுவே யாரோ சும்மா தருகிறார் என்று 195/60 ஆர் 15 வைத்தால் 615. கிலோமீட்டருக்கு 26 சுற்று அதிகம். அது பின்சக்கரத்தில் என்றால் டிஃபரன்ஷியலில் இருக்கும் பற்சக்கரங்கள் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை வளைவில் மட்டும் வேலை செய்யப் பிறந்தவை. கணக்கு பிடிக்காதவர்கள் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்றுத் தள்ளி, தரையில் அளந்துகொள்ளலாம். எங்கள் மெக்கானிக் அப்படித்தான் செய்தார்.

முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றிய வண்டி என்றால் பழைய ரிம் அதில் இடிக்கிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும், ரோட்டில் அல்ல. டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நாலு எண், 3206 என்றால் 2006ஆம் வருஷம் 32ஆவது வாரம். ஓடாத டயருக்கு வயசாகாது என்று நினைக்கிறோம். பட்டாசு காய இந்தப் பக்கத்து வெயில்தான் வேண்டும் என்று தொழில் இங்கே வளர்ந்தது. அதே வெயில் டிக்கிக்குள் ரப்பரையும் காய வைக்கிறது. சித்தப்பாவின் 5.90-இன் பக்கவாட்டில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது.

இப்போது டிக்கியில் இரும்பு வீலில் 165/80 போட்டு வைத்திருக்கிறோம். பின்னால் பஞ்சரானால் முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாற்றி, ஸ்டெப்னியை முன்னால் போடுவது என்று முடிவு. கூடுதல் வேலைதான், சித்தப்பா முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஹார்லிக்ஸ் பாட்டில் ஜாக்கிக்குப் பக்கத்தில், ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி இருக்கிறது. மூடியின் மேல் அவரே பெயின்ட்டால் எழுதியிருக்கிறார்: 'இரும்பு வீலுக்கு மட்டும்'.