கைதட்டல் வாங்காத சொற்கள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. தலைப்பு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நான் என்ன பேசியிருப்பேன் என்று தமிழ் மேடைகளைக் கேட்டுப் பழகியவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். தேவதாசி முறை ஒழிப்பு பற்றிச் சட்டமன்றத்தில் விவாதம் நடக்கிறது. இது கோயில் சார்ந்த புனிதமான வழக்கம், கைவைக்கக் கூடாது என்கிறார் சத்தியமூர்த்தி. அவ்வளவு புனிதமென்றால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பிவையுங்கள் என்கிறார் முத்துலட்சுமி. அவை வாயடைத்துப் போகிறது. அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தினேன். அரங்கில் கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது.

அந்தப் பதிலடி பரிசுக் கோப்பையோடு வீட்டுக்கு வந்து, அதன்பிறகு என்னைவிட்டுப் போகவில்லை. பேருந்தில் உரசியவனைத் திரும்பிப் பார்த்துக் கத்தியபோதும், மேற்படிப்பு வேண்டாம் என்ற பெரியப்பாவிடம் வாதாடியபோதும் அது எனக்குத் துணையிருந்தது. அந்தத் தைரியம் பொய்யில்லை. அதை இன்றும் நான் மறுக்க மாட்டேன்.

அந்த வரி என்னைக் கைவிட்டது 2017இல். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். மாணவி ஒருத்தி தன் பேராசிரியர் மீது பாலியல் சீண்டல் புகார் எழுதிக் கொடுத்தாள். ஐந்து பேரை உட்காரவைத்து விசாரணை என்றார்கள். நால்வர் ஆண்கள், ஐந்தாவது ஆள் நான். தலைமை வகித்தவர் சாந்தமாகச் சொன்னார்: “பொண்ணோட எதிர்காலம் இருக்கு. லெட்டரைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க மேடம்.”

எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் கேட்டுவிட்டேன்: “உங்க பொண்ணா இருந்தா இப்படித்தான் சொல்வீங்களா சார்?”

அவர் தயங்கவே இல்லை. “என் பொண்ணா இருந்தா இதை வெளியவே சொல்ல விட்டிருக்க மாட்டேன்.”

நான்தான் வாயடைத்துப் போனேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பதிலடி ஏன் பலிக்கவில்லை என்று யோசித்தேன். ‘உங்கள் வீட்டுப் பெண்’ என்று சொல்லும்போது எதிரே இருப்பவரின் நியாய உணர்வை நான் தொடவில்லை. குடும்ப மானத்தைத்தான் தொட்டேன். குடும்ப மானம் என்று வந்துவிட்டால் பெண்ணை வாய்மூடச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த வழி. நான் நம்பியிருந்த ஆயுதம் அவருடைய கிடங்கிலிருந்தே வந்தது.

அதன்பிறகுதான் முத்துலட்சுமியை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் பதிலடிக்கே பல வடிவங்கள் இருக்கின்றன. பெரியார் சொல்லிக்கொடுத்து அவர் சொன்னதாக ஒரு மேடையில் சொல்வார்கள். சொன்னவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்று இன்னொரு மேடையில் சொல்வார்கள். எந்த ஆண்டு, எந்த அமர்வு என்று நான் கேட்ட எந்தப் பேச்சிலும் வந்ததில்லை. தேதியோடு கிடைப்பவை வேறு சொற்கள். அவற்றுக்குக் கைதட்டல் கிடைத்திருக்காது.

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகி, 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆனார். அவையில் ஒரே பெண். தேவதாசி முறை பற்றி அவர் பேச எழுந்தபோது, அது தன் அம்மாவின் வீட்டுக் கதையும் என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அறிந்திருப்பார்கள். அந்த நிலையில் எழுந்து நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் நிறைவேறியதோ அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம். அதன் மையம் நிலம். கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணியை விட்டால் மானியம் போய்விடும். அதனால் ஒரு தலைமுறைக்குப் பிறகு அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். பக்தி, மரபு, கலை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில், அந்தப் பெண் வெளியேறினால் சோற்றுக்கு என்ன செய்வாள் என்ற கேள்விக்கு இந்தத் திருத்தம் பதில் தேடியது. பணி செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து நிலத்தை விடுவித்தது. பணியை விட்டாலும் நிலம் அவளிடம் இருக்கும்.

பேச்சுப் போட்டியில் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாரும் கைதட்டியிருக்கவும் மாட்டார்கள்.

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே ஆண்டில் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். மசோதா சட்டமாக 1947 வரை ஆனது. பதினேழு ஆண்டுகள். இடையில், தாசி வாழ்க்கையை விட்டு வந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கியபோது, அவர்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

என் பேச்சில் நான் சேர்க்காத இன்னொரு கூட்டமும் இருந்தது. 1927இல் சென்னையில் தேவதாசிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, இந்தச் சட்டத்தை எதிர்த்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். விலைமாதர்களோடு எங்களை ஒன்றாக்காதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். லேசான ஆளில்லை. தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்தவனம்’ நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர். ஆபாசம் என்று ஆங்கில அரசு தடைசெய்த அந்த நூல் 1947இல்தான் தடை நீங்கி வந்தது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் கைப்பணத்தில் எழுப்பினார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது பெண்களுக்கென்று தனி ஆராதனை நடத்தினார்.

முதலில் இது எனக்குச் சங்கடமாக இருந்தது. யார் பக்கம் நிற்பது? என் மனம் இன்றும் முத்துலட்சுமி பக்கம்தான். குழந்தைக்குப் பொட்டுக்கட்டுவதை எந்தக் கலையின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால், ‘எங்களைப் பற்றிய சட்டத்தில் எங்களையும் கேளுங்கள்’ என்று மனு எழுதிய பெண்களைக் கோழைகள் என்றோ ஏமாளிகள் என்றோ என்னால் சொல்ல முடியாது. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து போகும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அந்த முறை ஒழிந்தபோது அந்த உரிமையும் சேர்ந்து போனது, அச்சமூகத்து ஆண்களே அதிகம் பயனடைந்தார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வீரவசனத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அதில் ஒரு நாயகிக்கும் ஒரு வில்லனுக்கும்தான் இடம்.

மூன்றாவதாக இராமாமிர்தம் அம்மையார். வறுமையால் சிறு வயதிலேயே ஒரு தேவதாசியிடம் கொடுக்கப்பட்டவர். அந்த வாழ்க்கையை உதறி வெளியே வந்து, 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். சட்டமன்றமோ மருத்துவப் பட்டமோ அவரிடம் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அதே ஆண்டில் சிறைக்கும் போனார்.

விசாரணைக் கதையை நான் முடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே அறைக்குப் போனேன். இந்த முறை என்னிடம் வசனம் இல்லை; மூன்று தாள்கள் இருந்தன. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். இந்தக் குழுவுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதை என் மாற்றுக்கருத்தாகக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள் என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. யாரும் வாயடைத்துப் போகவில்லை. சலித்துக்கொண்டார்கள். ஆனால் எழுதிக்கொண்டார்கள். முறையான குழு அமைந்தது. மாணவி கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை, படிப்பை முடித்தாள். அடுத்த ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

பெரியவர்களின் சொற்களிலிருந்து தைரியம் வரும் என்பதை நான் இன்னும் நம்புகிறேன். ஆனால் இப்போது நான் தேடுவது வேறு சொற்களை. யார் முன்னால் சொன்னார், சொன்ன பிறகு என்ன வேலை செய்தார், அது முடிய எத்தனை ஆண்டு ஆனது, யார் உடன்படவில்லை என்று பார்க்கிறேன். அதைப் பார்த்தபிறகுதான், எழுந்து நின்ற மறுநாள் என்ன செய்வது என்பது எனக்குப் புரிந்தது.

இப்போது வேலைபார்க்கும் கல்லூரியில் போன மாதம் ஒரு மாணவி வந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் யாரென்று தெரியாது.

“பேச்சுப் போட்டி மேம். கைதட்டு வாங்குற மாதிரி ஒரு வரி சொல்லுங்க.”

நான் மானிய நிலத்தின் கதையைச் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டாள். குறிப்பேட்டில் ஒரு வரியும் எழுதவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

“சரி மேம், நிலம் அந்தப் பொம்பளைங்க கையிலயே நின்னுச்சா?”

உட்கார் என்றேன். அந்தக் கதை இன்னும் நீளமானது.