முதலில் கலக்கட்டும், பிறகு கட்டலாம்

குலசேகரம், கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் மந்தமாகும். சரிவாக ஒரு மெல்லிய சீவல். கீழே கட்டிய சிரட்டையில் பால் சொட்டும். வெட்டுவாயிலேயே காய்ந்துபோவது ஒட்டுப்பால். அதற்கு விலை குறைவு. சிரட்டையில் சேர்ந்தது ஷீட்டாகலாம், அறுவை சிகிச்சை மருத்துவரின் கையுறையாகவும் ஆகலாம். இங்கே நாம் பின்தொடர்வது கையுறைக்குப் போகும் பாலை.

அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர். ரப்பர், ஒரு மைக்ரானை ஒட்டிய நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. துகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை. அதன் எதிர்மின்சுமை துகள்களை ஒன்றையொன்று அண்டவிடாது. பாக்டீரியா பெருகி அமிலம் உண்டானால் அந்தக் காவல் போய், பால் திரிந்துவிடும். அதனால்தான் அம்மோனியா சேர்க்கிறார்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, ரப்பர் 60 சதவீதம் வரும்படி செறிவாக்கிக் கையுறை ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

இதை அப்படியே ஒரு கண்ணாடியில் ஊற்றிக் காயவிட்டாலும் படலம் கிடைக்கும். நீர் போகப்போகத் துகள்கள் நெருங்கி, நசுங்கி, இடைவெளி இல்லாமல் ஒட்டி அமரும். ஆனால் ஒட்டியிருப்பது வேறு, ஒன்றாவது வேறு. ஒரு துகளின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் எல்லை தாண்டி அடுத்ததற்குள் நுழைந்து, அங்குள்ளவற்றோடு பின்னிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இழுத்ததும் அந்த எல்லையிலேயே கிழியும்.

நெருக்கடியான சங்கிலிக் கூட்டத்துக்குள் ஒரு சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாது. பாம்புபோல் தன் நீளவாக்கிலேயே நெளிந்துதான் போகும் என்று 1971-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் விளக்கினார். இந்த நடமாட்டத்தைச் செயற்கை லேடெக்ஸ் படலங்களில் அளந்து காட்டியது டொரண்டோ பல்கலைக்கழகத்தின் மிட்செல் வின்னிக் குழு. சில துகள்களின் சங்கிலிகளில் ஒளியாற்றலைக் கொடுக்கும் சாயத்தையும், மற்றவற்றில் அதை வாங்கிக்கொள்ளும் சாயத்தையும் இணைத்தார்கள். இரண்டும் சில நானோமீட்டர் நெருங்கினால்தான் ஆற்றல் கைமாறும். கைமாறுவது கூடக்கூட, சங்கிலிகள் அந்த அளவுக்கு எல்லை தாண்டிவிட்டன என்று அறியலாம்.

பின்னல் மட்டும் போதாது. இழுத்துப் பிடித்தால் சங்கிலிகள் மெல்ல வழுக்கி விலகும். வெயிலில் ரப்பர் பிசுபிசுக்கும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தையும் சூட்டையும் கொண்டு இதற்கு விடை கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே குறுக்குப் பிணைப்பு போட்டு, நழுவலைத் தடுக்கின்றன.

சிக்கலும் அங்கேதான். கட்டுண்ட சங்கிலி ஊர்ந்து போகாது. படலம் உருவாகும் முன்பே துகளுக்குள் பிணைப்புகள் மிஞ்சிவிட்டால், மேற்பரப்பில் தொங்கும் நுனிகள் மட்டுமே எல்லை தாண்டும். ஒவ்வொரு துகளும் உள்ளே உறுதி, படலமோ சோப்ளாங்கி. பிணைப்பே இல்லையென்றாலும் வலிமை இல்லை. ஆக, எத்தனை பிணைப்பு என்பதைவிட எப்போது பிணைப்பு என்பதே கையுறையின் தலையெழுத்து.

ஆலையில் பாலோடு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, பிணைப்பை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டர் சேர்த்துப் பதமாக வைப்பார்கள். பிணைப்பு கொஞ்சம் முன்கூட்டியே விழுந்தால் அடுப்பில் வேலை குறையும். எங்கே நிறுத்துவது? பாலையும் குளோரோஃபார்மையும் சம அளவில் எடுத்து, திரியும்வரை கிளறிப் பார்க்கிறார்கள். பிசுக்கென்று நூலாக இழுபட்டால் இன்னும் பதம் வரவில்லை, எண் 1. மென்மையான கட்டியாகி, இழுத்தால் சட்டென்று அறுந்தால் 2. ஒட்டாத சிறு கட்டிகள் என்றால் 3. உலர்ந்த துணுக்குகளாக உதிர்ந்தால் 4, பதம் தப்பிவிட்டது.

பதம் சரியென்றால், கால்சியம் நைட்ரேட் பூசிய பீங்கான் கைகள் பாலில் முங்கி எழும். கால்சியம், ரப்பர் துகள்களின் மின்சுமையை அடக்க, கையின்மேல் ஈரப் படலம் படியும். வெந்நீரில் அலசும்போது உப்பும் கரையும் புரதமும் வெளியேறுகின்றன. துகள்களுக்கு நடுவே தடையும் குறைகிறது. பிறகு 100 டிகிரியைத் தாண்டும் அடுப்பு. அந்தச் சூட்டில் சங்கிலிகள் வேகமாக ஊர்கின்றன, கந்தகமும் வேகமாகக் கட்டுகிறது. கலப்பு முந்திக்கொண்டால் கையுறை தேறும்.

தேர்வு கடுமையானது. அறுவை சிகிச்சைக்கான இயற்கை ரப்பர் கையுறைக்கு அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் கேட்பது குறைந்தது 24 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை. சதுர மில்லிமீட்டருக்கு இரண்டரைக் கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். நீட்சி 750 சதவீதம். அதாவது 10 மில்லிமீட்டர் துண்டு 85 மில்லிமீட்டராகும்வரை அறுபடக் கூடாது.

பயன்படுத்திய கையுறை நம் மருத்துவமனைகளில் சிவப்புப் பையில் சேர்கிறது. மறுசுழற்சிக்குரிய கழிவுக்கான நிறம் அது. சலைன் பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி வேறு பொருளாக வார்க்கலாம். ரப்பர் கையுறையை அப்படி உருக்க முடியாது: சங்கிலிகளைச் சரியான நேரத்தில் பிடித்துக்கொண்ட கந்தகம், சூட்டுக்கும் அவற்றை விட்டுக்கொடுப்பதில்லை.