காற்றுக்கு வழி விட்டவர்கள்

நம்ம பக்கத்து ஆட்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஒரு காற்று புறப்படும். மேற்கிலிருந்து வந்து, ஓலையைப் பிய்த்து, கொடியில் கிடக்கிற வேட்டியை அடுத்த தெருவில் கொண்டு போட்டுவிட்டுப் போகும். புரட்டாசி வரை ஓயாது. இன்று அந்தக் காற்றில் மின்சாரம் எடுக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1974-இல் முப்பந்தலில் ஒரு காற்றாலை கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் நானும் என் சைக்கிளும்தான்.

ஆரல்வாய்மொழியில் வீடு, கிழக்கே ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. ஒரு மாசச் சம்பளத்தை முழுசாக விழுங்கிய 28 இஞ்ச் கறுப்புச் சைக்கிள். காலையில் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடம். சாயங்காலம் அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். ஒன்றேகால் மணி நேரம் மிதித்தாலும் வீடு வந்து சேராது. சில நாள் இறங்கி உருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்களோடு தமிழ் வாத்தியார் ஒருவர் வருவார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. முதல் வாரமே என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, காத்த மார்ல வாங்காதேடே. முழங்கைய மடக்கிக் குனிஞ்சு போ. அதுக்கு ஒரு வழி விடு."

குனிந்து பார்த்தேன். நிஜமாகவே லேசாக இருந்தது. கணக்கு வாத்தியாருக்குக் காரணம் தெரியாமல் தூக்கம் வருமா? அன்று பிடித்த விஷயம் ஐம்பது வருஷமாக விடவில்லை.

கணக்கு இதுதான். சமதரையில் மெதுவாக, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் தரையில் உரசுவதற்குச் செலவாகிற பலமும் காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகிற பலமும் ஏறக்குறையச் சமம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. நாம் மணிக்கு 15-இல் போகிறோம், எதிரே காற்றும் 15-இல் வருகிறது என்றால், உடம்புக்கு அது 30 கிலோமீட்டர் காற்று. இரட்டிப்பு உழைப்பு இல்லை, காற்றுக்கு மட்டும் நான்கு மடங்கு உழைப்பு. இந்தக் காற்றில் பெரும்பங்கை வாங்குவது சைக்கிள் இல்லை, ஏறி உட்கார்ந்திருக்கிற ஆள். அதனால்தான் இரும்பை மாற்றாமல், உட்காரும் விதத்தை மட்டும் மாற்றினாலே வித்தியாசம் தெரிகிறது.

அப்படியானால் நம்மை ஏன் நிமிர்ந்து உட்காரும்படி வைத்தார்கள்? இதற்குப் பதில் தேடித்தான் பழைய கதைகளுக்குள் போனேன்.

1870-களில் இங்கிலாந்தில் ஓடியது முன் சக்கரம் ஆள் உயரமும் பின் சக்கரம் சின்னதுமாக இருந்த சைக்கிள். ஓட்டுகிறவன் ஏறக்குறைய முன் சக்கரத்து அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பான். ஒரு கல் தடுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885-இல் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். நாம் ஓட்டிய சைக்கிளின் பாட்டனார் அதுதான். 1888-இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியரான டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பிறகு வேகம் வந்தது. வேகத்தோடு குனிவதும் வந்தது.

1890-களில் குனிந்து பறக்கும் இளைஞர்களை ஊரே திட்டியது. அவர்களுக்கு 'ஸ்கார்ச்சர்' என்று பட்டப்பெயர். இப்படியே ஓட்டினால் முதுகு கூன் விழுந்துவிடும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். 'சைக்கிள் கூன்' என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். மரியாதைப்பட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்து போவான் என்பது அந்தக் காலத்து எண்ணம். அந்த மரியாதைப்பட்டவருக்கான கனத்த சைக்கிள்தான் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, நம் ஊரிலேயே ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்தபோதும் உருவம் மாறவில்லை. ஒரு வகையில் அது நமக்குப் பொருந்தியது. கேரியரில் நெல் மூட்டை, பாரில் பிள்ளை, ரோட்டில் ஆடு மாடு என்று போகிறவனுக்கு நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டுமே. ஆனால் எதிர்காற்றை அந்த சைக்கிள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

காற்றை முழுசாக ஏமாற்றியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் மர்ஃபி. முன்னால் போகிற ரயில் காற்றைத் தடுத்துக்கொடுத்தால் எந்த ரயிலையும் சைக்கிளில் துரத்துவேன் என்றார். 1899 ஜூன் 30 அன்று நியூயார்க் லாங் ஐலண்டில் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பாவினார்கள். ரயில் பெட்டியின் பின்புறம் கூண்டு போல மறைப்புக் கட்டினார்கள். அந்த மறைப்புக்குள் ஒட்டிக்கொண்டு மர்ஃபி ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் கடந்தார். மணிக்கு 100 கிலோமீட்டர்! பலகை முடிகிற இடம் வந்ததும், ரயிலில் இருந்தவர்கள் அவரைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வந்து மனசு கனத்துவிட்டது. 1981 ஆடி மாசம். வைக்கோல் லாரி ஒன்று மேற்கே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காற்றில் தவித்த எங்களுக்கு அது நகர்கிற சுவர். அண்ணாச்சி மிதித்துப் போய் அதன் பின்னால் கை எட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டார். "வாடே, இங்கன காத்தே இல்ல" என்று திரும்பிக் கூப்பிட்டார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் ஒரு எருமை குறுக்கே வந்தது. லாரி நின்றது. அண்ணாச்சி நிற்கவில்லை.

வலது முழங்கால் சிரட்டை உடைந்துபோயிற்று. அதன் பிறகு கால் முழுசாக மடங்கவே இல்லை. பென்ஷன் வாங்கும் வரை பஸ்ஸில்தான் வந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது சொன்னார்: "காத்து என்னை ஒண்ணும் செய்யல்லடே. காத்து இல்லாத இடந்தான் செஞ்சிட்டு." மர்ஃபியை இழுத்துத் தூக்க ஆள் இருந்தது. அண்ணாச்சிக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருந்தேன்.

காற்றைக் குறைக்க ஆபத்தில்லாத வழியும் ஒன்று வந்தது. பிரான்சில் சார்லஸ் மோஷே என்பவர், சாய்வு நாற்காலியில் கிடப்பது போலச் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிளைச் செய்தார். 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914-இலிருந்து யாரும் தொடாத 44.247 கிலோமீட்டர் சாதனை உடைந்தது. ஃபோர் முதல் வரிசைப் பந்தயக்காரர் இல்லை என்பதுதான் பலரையும் உறுத்தியது. மறு வருஷம், 1934-இல், உலக சைக்கிள் சங்கம் சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதி, சாய்வுச் சைக்கிளைப் பந்தயத்திலிருந்து தள்ளியது. பந்தயத்தில் இல்லாதது கடைக்கும் பெரிதாக வரவில்லை. பந்தயமே ஓட்டாத சாமானியனுக்கு முதுகு வலிக்காமல் காற்றைக் குறைக்கிற ஒரு வழி, பந்தயக்காரர்களின் விதியால் ஒதுங்கிப்போனது என்பது என் எண்ணம்.

பந்தயக்காரர்களுக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1989 டூர் டி பிரான்ஸ் போதும். மூன்று வாரப் போட்டி, கடைசி நாள் 24.5 கிலோமீட்டர். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். முழங்கைகளை ஊன்றி, கைகளை ஒடுக்கிக் குனிகிற புதுவகை ஹேண்டில்பாரில் ஓட்டினார். பிரான்சின் ஃபின்யோன் பழைய முறையில், தொப்பியில்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். மொத்தப் போட்டியில் லெமாண்ட் ஜெயித்தது 8 விநாடியில்.

சரி, நமக்கு? நமக்கு அந்த 8 விநாடி வேண்டாம். பேரன் வாங்கிய வளைந்த ஹேண்டில்பார் சைக்கிளில் ஒருநாள் ஏறிப் பார்த்து, இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தேன். நமக்கு வேண்டியது நாளையும் ஓட்டுவது. அறுபத்தெட்டாம் வயதில் முழங்கால் வலித்து, "சைக்கிளை விட்டுருங்க" என்று டாக்டர் சொன்னார். ரிப்பேர் கடைத் தம்பியோ என் சீட்டைப் பார்த்தான். காலைத் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் நாற்பது வருஷமாகத் தாழ்த்தியே வைத்திருந்தேன். "குதிங்கால பெடல்ல வச்சு, பெடல் அடியில இருக்கும்போ கால் நேரா நிக்கணும் தாத்தா. மிதிக்கும்போ முன்பாதத்தால மிதிங்க" என்று சீட்டை ஏற்றினான். ஹேண்டில் அதே உயரத்துக்கு வந்தது. இரண்டு மாசத்தில் வலி அடங்கியது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப ஓட்டுங்க" என்றார்.

எதிர்காற்று வந்தால் இடுப்பிலிருந்து கொஞ்சம் சாய்ந்து, முழங்கையை மடக்கி உள்ளே ஒடுக்கிக்கொள்கிறேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் படபடக்கும் சட்டையும் ஒரு பாய்மரம்தான். டயரில் காற்றைக் குறையவிடுவதில்லை. லாரி முந்திப் போனால் பிரேக்கைப் பிடித்து, அது தூரமாகப் போகும்வரை பின்தங்குகிறேன்.

அண்ணாச்சி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன ஆடியில் ஒரு சாயங்காலம் முப்பந்தல் ரோட்டில் மேற்கே பார்த்து மிதித்து வந்தேன். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வைக்கோல் லாரி நின்ற இடம் இப்போது நாலுவழிச் சாலை, அடையாளமே தெரியாது. அந்த இடமாக இருக்கும் என்று தோன்றிய இடத்தில் முழங்கையை மடக்கிக் குனிந்தேன். வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. இறங்கி உருட்டவில்லை.